ஓட்டைக்கல் வீட்டில் பால் காய்ச்சிய காலை

நாற்பத்திரண்டு வயதில் நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தார். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். அதன்பிறகு வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கிள்ளானில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வீடு கட்ட ஒரு கண்ட்ராக்டரிடம் பேசினோம். அவர் ஒரு படத்தோடு வந்தார். நாலு சுவர், தட்டையான கூரை, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே பக்கம். மேற்கு வெயில் முழுவதும் படுக்கையறையில் விழும்.

"இந்த வீட்டுல சோறு வேக வைக்க அடுப்பே வேணாம். ஆளுங்களே வெந்துருவாங்க" என்றேன்.

கண்ட்ராக்டர் போன பிறகு என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினால் அதற்குப் பதில் கிடையாது. "அப்ப நீயே வரைஞ்சு கொடு. கட்டிறலாம்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்த வாரமே தபால் நிலையத்துப் பலகையில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சமூகக் கல்லூரி. சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு, ஒன்றரை வருடம். பாடம், வெப்பநாட்டுக்கு ஏற்ற சிக்கன வீடு கட்டுதல். வயது வரம்பு இல்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, மறுநாளே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் படிப்புக்கு நாவில் நுழையாத பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. அன்று எங்கள் வகுப்பைப் பற்றி யாராவது கேட்டால், ஃபேன் இல்லாமல் தூங்குவதற்குப் படிக்கிறோம் என்று சொல்லிவிடுவோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது முதலில் வாயைத் திறந்தவர் என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து என் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவரும் அவர்தான். குழம்பில் புளி கூடினால் ஒரு பேச்சு, குறைந்தால் இரண்டு பேச்சு. ஆனால் நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப் அடிக்கப் போன அத்தனை வருடமும் என் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்து வாசல் வரை போய் விட்டு வந்தவர் அவர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

"வீடு கட்டப் படிக்கிறியா? அப்ப கொத்தனாரு என்ன, டைப் அடிக்கப் போவாரா?" என்றார் அக்கா.

இவ்வளவு சொன்னவர், முதல் சனிக்கிழமை காலையில் நான் ஆபீசுக்குப் புறப்படும்போது ஒரு பொட்டலத்தை என் பைக்குள் திணித்தார். வாழையிலையில் சோறு, நெத்திலி சம்பல், பாதி முட்டை. "பசியோட படிச்சா மண்டையில ஏறாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை எனக்கு ஒரு மணிக்கே ஆபீஸ் முடிந்துவிடும். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி இரண்டரைக்கு வகுப்பில் இருப்பேன்.

கல்லூரி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு பழைய கொட்டகை. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறந்தவெளி. பக்கத்துப் பட்டறையில் லாரிக்கு வெல்டிங் வைத்தால் பாடம் நின்றுவிடும். படிக்க வந்தவர்கள் பத்தொன்பது பேர். ஆசிரியை ஒரு மலாய்ப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆசிரியரை மலாய்க்காரர்கள் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரைச் சிக்கு என்றே கூப்பிட்டோம். அவர் மலாயில் பாடம் நடத்துவார், எரிச்சல் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனத் தௌக்கே, அதாவது கடை முதலாளி. இடிக்கும் வீடுகளிலிருந்து பழைய மரம், கதவு, ஜன்னல் வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. அவருடைய அப்பா டெங்கில் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தௌக்கே என்னைவிடச் சுத்தமான எஸ்டேட் தமிழ் பேசுவார். முதல் நாளே என் பொட்டலத்தின் வாசனையை மோப்பம் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி, இது யாரு கை சம்பல்?"

"என் நாத்தனாரு அங்கிள்."

"கோவக்காரம்மாவா இருக்கணுமே. கோவக்காரங்க சம்பல்தான் இப்படி இருக்கும் லா."

அக்காவிடம் வந்து இதைச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை பையில் இரண்டு பொட்டலம் இருந்தது. அதற்கடுத்த மாதம் ஐந்து. அந்த வருடம் முடியும்போது நான் கையில் ஒரு சாப்பாட்டு அடுக்கோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். அக்காவை யாரும் பார்த்ததில்லை, ஆனால் வகுப்பு முழுவதும் அவர் சோற்றைத் தின்றது. செமினியிலிருந்து வருகிற ஒரு பஸ் மெக்கானிக், சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, கிள்ளான் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். அக்கா இருப்பது பிரிக்பீல்ட்ஸில் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் திருந்தவில்லை.

மூன்றாவது வாரம் ஆளுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியை, காலணி வாங்கினால் வருமே அந்த அட்டைப்பெட்டியை, கொண்டுவரச் சொன்னார் சிக்கு. பெட்டிதான் வீடு. அதில் கதவும் ஜன்னலும் வெட்ட வேண்டும். மேலே மூடிக்குப் பதிலாகக் கண்ணாடித்தாள். ஒரு மேசை ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு, ஜன்னல் அருகே ஊதுவத்தியைப் பிடித்தால், உள்ளே புகை போகிற வழி கண்ணுக்குத் தெரியும். காற்றை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன்.

ஒரு தொல்லை. கொட்டகையின் திறந்த பக்கத்திலிருந்து வரும் காற்று எங்கள் புகையைக் கலைத்துவிடும். சிக்கு கையைத் தட்டி, "பெட்டிச் சோதனை!" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லாரும் எழுந்து, மேசைக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் ஒட்டிச் சுவர்மாதிரி நிற்க வேண்டும். நடுவில் பெட்டிக்காரர் மட்டும் ஊதுவத்தியோடு குனிந்திருப்பார். பத்தொன்பது பெட்டிக்கும் இதே கூத்து. தௌக்கேயின் வயிறு பெரியது. அவர் இருக்கிற பக்கம் காற்று ஊடுருவியதே இல்லை.

கடற்காற்று வருமே என்று என் பெட்டியில் மேற்குப் பக்கம் மூன்று பெரிய ஜன்னல் வெட்டியிருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புகை உள்ளே போனது, மூலையில் சுருண்டு உட்கார்ந்துகொண்டது, வெளியே வரவே இல்லை.

"காற்று எங்கே வருகிறது என்று யோசித்தீர்கள். எங்கே போகும் என்று யோசித்தீர்களா?" என்றார் சிக்கு.

நான் அன்றே கத்தியை எடுத்து எதிர்ச்சுவரில், மேலே, கூரையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டேன். மறுபடியும் ஊதுவத்தி. புகை கீழே நுழைந்து, அறையைக் குறுக்கே கடந்து, மேலே ஏறி, ஒரு குடும்பம் கோயிலிலிருந்து கலைந்து போகிறமாதிரி ஒழுங்காக வெளியேறியது. நான் கத்திவிட்டேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என் பெட்டியைப் பார்த்தார்கள். காற்று புகுந்து எல்லாம் கலைந்தது. சிக்கு ஆங்கிலத்துக்குத் தாவினார்.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கூரையை மூன்றடி வெளியே நீட்டினால் சுவருக்கு வெயிலும் வராது, சாரலும் வராது. மழைநீரைத் தொட்டியில் பிடித்தால் கக்கூசுக்கும் செடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். இடித்த வீட்டு மரம் புதுமரத்தைவிட உறுதி, ஏனென்றால் அது வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வரிசை வீடுகளைப் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். மேற்கே பார்த்த கண்ணாடி, முட்டாள்களா. அதற்கு மேலே ஒரு கூரைத்துண்டுகூட இல்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

பரீட்சைக்கு ஒரு முழு வீட்டை வரைந்து கொடுக்க வேண்டும். நான் என் வீட்டை வரைந்தேன். கூடத்தின் மேற்குச் சுவரில் கீழ்ப்பகுதி முழுவதும், கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி, துளை வைத்த சிமெண்டுக் கல். ஓட்டைக்கல் என்போம். அதற்குக் கதவு கிடையாது, மூடவும் முடியாது, அதுதான் அதன் அழகு. கள்ளன் கையைக்கூட விட முடியாது, காற்று மட்டும் இரவும் பகலும் வந்துபோகும். வாசற்படிக்கு, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து ரயில்வே கழித்துவிட்ட பழைய சிலிப்பர் கட்டை. இது என் வீட்டுக்காரரைக் குஷிப்படுத்த.

மேற்கு மூலையில், வீட்டிலேயே நல்ல காற்று வரும் இடத்தில், அக்காவுக்கு ஒரு அறை. குவார்ட்டர்ஸில் அவர் படுத்தது சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு மறைவில். அதற்கு ஜன்னல் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். முப்பது வருடம் அங்கே படுத்தார். காற்று பட்டால் மூட்டுப் பிடிக்கும், எனக்கு மூடின இடம்தான் சரி என்பார். அதனால் புது அறையிலும் அவர் கட்டிலை ஜன்னலுக்கு எட்டாமல் உட்சுவர் ஓரமாகத்தான் வரைந்தேன். அவர் சொன்னதை மீற எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். சாயங்காலம் ஆறரைக்கு அக்கா ஜெபமாலை சொல்வார். பீடத்து மெழுகுவர்த்தி அணைந்தால் அவருக்குப் பொறுக்காது. அதை நினைத்து, பீடத்துக்குச் சுவருக்குள் ஆழமான ஒரு மாடம் வைத்து, காற்று அதன் முன்னால் போகும்படி, உள்ளே நுழையாதபடி வரைந்திருந்தேன். சிக்கு அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கே காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பாஸ் செய்தேன். என் வீட்டுக்காரர் சர்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான்" என்றார். சிக்குவுக்குத் தெரிந்த ஒருவர் நகராண்மைக் கழகத்துக்கான படத்தில் கையெழுத்துப் போட்டார். மரமும் கதவும் தௌக்கேயின் கடையிலிருந்து வந்தன. கண்ட்ராக்டர் அதே பழைய ஆள்தான். கல் லாரியிலிருந்து இறங்கிய அன்று அவர் ஒரு ஓட்டைக்கல்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"அக்கா, வீடு கட்றீங்களா, சல்லடை கட்றீங்களா?"

இதை அவர் என்னிடம் சொன்னதோடு விட்டிருக்கலாம். சுவரெல்லாம் எழும்பிய பிறகு வேலையைப் பார்க்க வந்த என் நாத்தனாரிடமும் சொல்லிவிட்டார். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அக்கா ஜெபமாலையை முடித்துவிட்டு, அதைக் கையிலிருந்து இறக்காமலே பேசினார்.

"ஓட்டை ஓட்டையா வெச்சிருக்கியாமே. மூடக்கூட முடியாதாமே. எனக்கு அந்த வீடு ஒப்பலைடி. ஆனா கட்டியாச்சு. நான் பெட்டியோட வரேன். பால் பொங்குச்சுன்னா பெட்டியைத் திறப்பேன். பொங்கலைன்னா அப்படியே ஈப்போ பஸ் ஏறி தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். யாரும் என்னைத் தடுக்கக் கூடாது."

புது வீட்டைப் பத்து மணிக்கு ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பதற்கு முன், பால் காய்ச்சிப் பொங்கவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். வேதத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகியும் அதை மட்டும் யாரும் விடவில்லை. பால் பொங்காமல் என்ன செய்யும் என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். பிறகு என் வீட்டுக்காரர் தனியாக ஒரு விஷயம் சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதில் கல்யாணம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்குள் அந்த மனிதர் இறந்துபோனதும் தெரியும். அவர்கள் குடிபோன வீட்டில் அன்று பால் பொங்காமல் திரிந்துபோனது எனக்குத் தெரியாது. அக்கா அதை ஒருநாளும் யாரிடமும் பேசியதில்லை.

அதைக் கேட்டபிறகு எனக்குப் பயம் வந்தது. எத்தனையோ வருடம் அந்த மனுஷி எங்காவது போய்விட மாட்டாரா என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு. இப்போது அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்காகத்தான் அந்த மேற்கு மூலையை வரைந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் காய்ச்சும் நாள் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் அக்காவைப் பார்க்க வந்தார்கள், அவர் சாப்பாட்டுக்காகவும் வந்தார்கள். பஸ் மெக்கானிக் முதல் ஆளாக வந்து, அக்காவை நேரில் கண்டதும் கை குவித்தார். ஒன்றும் புரியாமல் அக்காவும் பதிலுக்குக் கும்பிட்டார். கூடத்தில், அக்கா சொன்னபடியே, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் கேஸ் அடுப்பு, அதன்மேல் புதுப் பானை, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. அக்காவின் பெட்டி அவர் அறை வாசலில் நின்றது. பழைய தோல் பெட்டி, இரண்டு பித்தளைக் கொண்டி, இரண்டும் பூட்டியபடி.

எட்டு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. கிள்ளான்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருடத்தில் சில காலைகளில் கடலைத் தாண்டி சுமத்ரா காற்று வரும். அறிவிப்பெல்லாம் கொடுக்காது. ஒரு நிமிடம் இலை அசையாது, அடுத்த நிமிடம் கொடியில் துணி இருக்காது.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. அவர் கையை எடுத்தார். சுமத்ரா காற்று என் மேற்குச் சுவரை எட்டியது.

நான் வரைந்த அத்தனை ஓட்டையும் வேலை செய்தது. சிக்கு சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், காற்று கீழே நுழைந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, கிழக்கே மேலே ஏறிப் போனது. அது கடந்த வழியின் நட்டநடுவில் அடுப்பு இருந்தது. தீ ஒருக்களித்துப் படுத்தது. பிறகு அணைந்தது.

என் வீட்டுக்காரர் கேஸை மூடித் திறந்து மறுபடி பற்றவைத்தார். அணைந்தது. கண்ணாடி ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஓடிப்போய் மூடினேன். ஓட்டைக்கல்லை எதைக்கொண்டு மூடுவது? ஒரு பாயைக் கொண்டுபோய் அடைத்தேன். பாய் பறந்து வந்து சிக்குவின் காலில் விழுந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுந்த தண்ணீர் குழாயில் இறங்கித் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒரு பொட்டுச் சாரல் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் குதித்திருப்பேன். மாடத்தில் பீடத்து மெழுகுவர்த்தி ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாலாவது தடவையும் அணைந்தது. பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. "சமையற்கட்டுல வெச்சுக்குவோம் அக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெச்ச இடத்துல பொங்கணும்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண் பெட்டிக்குப் போய்விட்டு வந்தது. அந்தப் பார்வையில் வேறு ஏதோ ஒரு வீடு இருந்தது. நான் சுவரோரம் நின்று, என் சர்டிபிகேட்டையும் என் திமிரையும் சேர்த்துச் சபித்துக்கொண்டிருந்தேன். காற்றுக்கு வழி வைத்தவளுக்கு அடுப்புக்கு ஒரு மறைவு வைக்கத் தோன்றவில்லை.

அப்போது தௌக்கே கையைத் தட்டினார். பட்டறைச் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய குரல்.

"ஏய், கிளாஸ்! பெட்டிச் சோதனை!"

யாரும் யோசிக்கவில்லை. ஒன்றரை வருடப் பழக்கம். சிக்கு உட்பட அத்தனை பேரும் எழுந்து வந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் ஒட்டி, அக்காவையும் பானையையும் நடுவில் விட்டுச் சுவராக நின்றுவிட்டார்கள். தௌக்கே தன் வயிற்றோடு மேற்குப் பக்கம் போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலம் இடைவெளி இருந்தது. நான் ஓடிப்போய் அதில் நின்றேன்.

"என்னடி நடக்குது இங்க?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"நீங்க பத்த வைங்க அக்கா, நாங்க இருக்கோம் லா" என்றார் பஸ் மெக்கானிக்.

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. சுமத்ரா காற்று நேராக என் முகத்தில் அடித்தது. என் சுவர், என் ஓட்டைக்கல், என் காற்று. சேலை முன்னால் ஒட்டிக்கொண்டது, முடி பிய்ந்து பின்னால் பறந்தது. குளிர்ந்த, மழைவாசனை கலந்த, அருமையான காற்று. அதற்குள் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பக்கத்தில் தௌக்கே கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாக் கட்டிருக்க தங்கச்சி. ஆனா ரொம்ப நல்லாக் கட்டிட்ட" என்றார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று என் பெட்டிச் சோதனையில் எல்லாருக்கும் பாடம் கிடைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் அக்கா முணுமுணுப்பாக அருள்நிறை மரியே சொல்வது கேட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை, பத்துத் தடவை. பிறகு பாதி வார்த்தையில் ஜெபம் நின்றது.

"பொங்கிருச்சு" என்றார் அக்கா. சத்தமாகக்கூட இல்லை.

பிறகுதான் கத்தினார். "பொங்கிருச்சு! டேய் தம்பி, பொங்கிருச்சுடா!"

நான் திரும்பியபோது பால் பானையின் எல்லாப் பக்கமும் வழிந்து, பொங்கிய பாலே அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. தானே வரைந்து, தானே கட்டிய வீட்டில் பால் பொங்கியதைப் பார்க்காத ஒரே வீட்டுக்காரி நானாகத்தான் இருப்பேன். கைதட்டலும் கும்மாளமுமாகக் கூடம் அதிர்ந்தது. பஸ் மெக்கானிக் இம்முறை சரியான திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்கா முதல் டம்ளர் பாலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டார். அப்படி அவர் என் பெண்களுக்குச் செய்து பார்த்திருக்கிறேன், எனக்குச் செய்ததில்லை. திரும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன் அறைக்குள் போய்விட்டார்.

நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலும், உள்ளே பித்தளைக் கொண்டி திறப்பது எனக்குக் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

அந்த அறையில் காற்று எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். சப்பாத்துப் பெட்டியில் புகையாகப் பார்த்திருந்தேன்.

"ஏண்டி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய குரல், புளி கூடிய நாளின் குரல். "கட்டிலை யாரு இந்தப் பக்கம் போட்டது? அறிவு வேணாம்? ரெண்டு பேரு வந்து ஜன்னலோரமா தள்ளிப் போடுங்க!"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.